வாசலை மறிக்கும் கார்: போர்டு இல்லாவிட்டாலும் குற்றம்தான்

சென்னையின் மேற்குப் பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

இருபது அடி அகலத் தெரு. இவருடையது பழைய தனி வீடு. எதிரே இருந்த வீட்டை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். அதன் தரைத்தளத்தில் கார் நிறுத்த விட்ட இடத்தில் இப்போது டியூஷன் சென்டர் நடக்கிறது. உள்ளே நிற்க வேண்டிய கார்கள் தெருவுக்கு வந்துவிட்டன. மாலையில் பிள்ளைகளை விட வரும் பெற்றோரின் வண்டிகள் வேறு. இவர் வீட்டு கேட்டை ஒட்டி தினமும் இரவில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. அதற்குப் பின்னால் உறை போட்டு மூடிய இன்னொரு கார், மாதக்கணக்கில் நகரவே இல்லை. டயரில் காற்று இறங்கி, அடியில் குப்பை சேர்ந்து கிடக்கிறது.

கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒருநாள் நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்து 108-ஐ அழைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரை இறக்கிக் கொண்டுவந்தால், வெள்ளைக் காருக்கும் கேட் தூணுக்கும் நடுவே அது நுழையவில்லை. கடைசியில் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் காரின் பானெட்டுக்கு மேலாகத் தூக்கி, தெருமுனை வரை சுமந்து போயிருக்கிறார்கள். "பாதி வழியில் நாற்காலியின் ஒரு கால் வளைந்தது. நான் பின்னாலிருந்து அவர் முதுகைத் தாங்கிக்கொண்டே ஓடினேன்" என்று எழுதியிருக்கிறார். நல்லவேளையாக கணவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் கார்க்காரரிடம் கேட்டதற்கு, "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று பதில் வந்திருக்கிறது. இவர் 'நோ பார்க்கிங்' போர்டு மாட்டி, இரண்டு மணல் மூட்டைகளையும் போட்டார். இரண்டுமே ஒரே வாரத்தில் காணாமல் போயின. 100-க்கு போன் செய்தபோது ரோந்து வண்டி வந்தது. "இது நோ பார்க்கிங் ஏரியா இல்லம்மா, பேசித் தீர்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மகன் கொதித்துப் போயிருக்கிறார். ராத்திரியோடு ராத்திரியாக நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுகிறேன் என்கிறார்.

வாசகியின் கேள்விகள் மூன்று. எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் இடம் எங்களுக்குத்தானே? ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அதை ஏன் போடவில்லை? போலீஸே கண்டுகொள்ளாவிட்டால் நாங்கள் எங்கே போவது?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத உட்கார முடியவில்லை. ஒரு நோயாளியை அவர் வீட்டு வாசல் வழியாகவே வெளியே கொண்டுபோக முடியாமல் போவது சின்னத் தகராறு இல்லை. "பேசித் தீர்த்துக்குங்க" என்று தள்ளிவிடக்கூடிய விஷயமும் இல்லை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டு முன்னால் உள்ள ரோடு யாருடையது?

உங்களுடையது அல்ல. உங்கள் பத்திரத்தில் உள்ள எல்லைக்கு அப்பால் இருப்பது பொதுத் தெரு. காம்பவுண்டு சுவரை ஒட்டி, கேட்டை மறிக்காமல், போக்குவரத்துக்குத் தொந்தரவு இல்லாமல் ஒருவர் காரை நிறுத்தினால், "எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தாதே" என்று சொல்லும் சட்ட உரிமை உங்களுக்கு இல்லை. அந்த மனிதர் கேட்ட விதம் மோசம். இருந்தாலும் ரோடு உங்கள் சொத்து இல்லை என்பது சரிதான்.

அவர் மறந்துவிட்டது என்னவென்றால், அது அவருடைய சொத்தும் இல்லை. பொதுத் தெருவில் இரவு முழுக்கக் கார் நிறுத்தும் உரிமை யாருக்கும் கிடையாது. தொந்தரவு இல்லாதவரை பொறுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் தெருவை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு, தன் வாசலிலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து வாசலுக்கும் போய்வரும் உரிமை இருக்கிறது. அந்த வழியை மறித்தால் அது பொதுமக்களுக்கு இடையூறு மட்டுமில்லை, உங்கள் தனிப்பட்ட உரிமையையே மீறுவது.

ஆகவே இனி எங்கே பேசினாலும், எழுதினாலும் "எங்கள் இடத்தில் நிறுத்துகிறார்கள்" என்று தொடங்காதீர்கள். அதைச் சொன்ன உடனே கேட்கிற போலீஸ்காரர் இதைப் பார்க்கிங் சண்டை என்று முடிவு கட்டிவிடுவார். "எங்கள் ஒரே வாசலை மறிக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் வழக்கின் பலம் முழுக்க அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

போர்டும் மணல் மூட்டையும் இதே காரணத்தால்தான் உங்களுக்கு உதவவில்லை. போக்குவரத்துக் குறியீடுகளை அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ மட்டுமே வைக்க முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-வது பிரிவு அதைச் சொல்கிறது. நாமே வாங்கி மாட்டும் போர்டுக்கு மதிப்பில்லை. மணல் மூட்டை, பூந்தொட்டி, கல் எல்லாம் தெருவில் நீங்கள் செய்யும் ஆக்கிரமிப்பாகக் கணக்காகும். திரும்ப வைக்காதீர்கள்.

இன்னொன்று. கடிதத்தின் நடுவில், கேட்டுக்கு முன்னால் வண்டி ஏற்றி இறக்கும் உங்கள் வீட்டுச் சறுக்கு (சாய்தளம்) மூன்றடிக்குத் தெருவில் நீண்டிருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு முதலில் கைவைக்கப் போவது அதில்தான். மாநகராட்சி ஆட்கள் வந்தால் அதையும் சேர்த்தே இடிப்பார்கள். புகார் கொடுக்கும் முன்பே ஒரு கொத்தனாரை வைத்து அதை எல்லைக்குள் சுருக்கிவிடுங்கள். கொஞ்சம் செலவாகும், ஆனால் தவிர்க்க முடியாத செலவு.

போர்டு இல்லாமல் கேஸ் போட முடியாதா?

முடியும். ரோந்து வண்டியில் வந்தவர்கள் சொன்னதில் உள்ள தவறு இதுதான். 'நோ பார்க்கிங்' போர்டு உள்ள இடத்தில் நிறுத்துவது ஒரு வகை மீறல். மற்றவர்களுக்கு ஆபத்தோ, தடையோ, அளவுக்கு மீறிய சிரமமோ ஏற்படும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்திவைப்பது வேறொரு வகை. இதற்கு மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் 122-வது பிரிவு இருக்கிறது. அதில் போர்டு என்ற பேச்சே கிடையாது. ஒரு கட்டடத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்பது சாலை ஒழுங்குமுறைகளிலும் வெகுகாலமாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு முதல் முறை 500 ரூபாய் அபராதம், அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய். காருக்கு வாடகை ஷெட் பிடித்தால் மாதாமாதம் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். எப்போதாவது ஒரு சலான் வந்தால் கட்டிவிட்டுப் போகலாம் என்ற துணிச்சல் அங்கேதான் பிறக்கிறது. எனவே இரண்டாவது சட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொது வழியில் தடை ஏற்படுத்துவதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்ச அபராதம் வெறும் 200 ரூபாய். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் அது 5,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. மாஜிஸ்திரேட் உத்தரவுக்குக் காத்திருக்காமல் போலீஸ் தானாகவே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றமும்கூட.

வாட்ஸ்அப்பில் வந்த 10,000 ரூபாய் விஷயம் உண்மைதான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. அது 2019 திருத்தத்தில் வந்த 194-இ பிரிவு. வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது ஆம்புலன்ஸுக்கோ தீயணைப்பு வண்டிக்கோ ஒதுங்கி வழிவிடாதவருக்கானது. பூட்டி நிறுத்திய காரின் மேல் அதைப் போட முடியாது. புகாரில் அதை எழுதினால், மற்றவற்றையும் சேர்த்தே ஒதுக்கிவைக்க அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

மகனுக்கு

தம்பி, அப்பாவை நாற்காலியில் தூக்கிப் போனதைப் பார்த்த பிறகு உங்களுக்கு வரும் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த டயர் பக்கம் போகாதீர்கள். அடுத்தவர் பொருளுக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பது நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவில் வரும். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சேதம் 20,000 ரூபாயைத் தொட்டுவிட்டால் இரண்டு வருடம் வரை போகும். நிற்கும் காரை அனுமதியில்லாமல் நகர்த்துவதும், அதன் பாகங்களில் கைவைப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 198-வது பிரிவில் தனிக் குற்றம். எதிர் வீட்டில் கேமரா இருக்கிறது என்று உங்கள் அம்மாவே எழுதியிருக்கிறார். நீங்கள் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்கிறீர்கள். உங்கள் பெயரில் ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் பாஸ்போர்ட், போலீஸ் கிளியரன்ஸ் எல்லாம் இழுபறியாகும். தவறு செய்த அவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் ஆவீர்கள்.

நம்பர் பிளேட்டோடு படம் எடுத்து முகநூலில் போட்டுத் திட்டுவதும் வேண்டாம். அதே படம் புகாரோடு போனால்தான் பிரயோஜனம்.

போலீஸ் கண்டுகொள்ளாவிட்டால்

நீங்கள் இதுவரை ஐந்தாறு முறை போன் செய்திருக்கிறீர்கள். ஒருமுறைகூட எழுத்தில் மனு கொடுக்கவில்லை. போனில் சொன்னதற்கு வண்டி வரும், போகும், "நேரில் சென்று சமாதானம் செய்யப்பட்டது" என்று முடிந்துவிடும். அடுத்த முறை வருபவருக்கு முந்தைய கதை எதுவும் தெரியாது. அமலாக்கம் பலவீனமாக இருக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். ஆள் பற்றாக்குறை உண்டு, மெத்தனமும் உண்டு. ஆனால் காகிதத்தில் இல்லாத புகாருக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை. அதை அடைப்பது நம் கையில் இருக்கிறது.

முதலில் ஆதாரம். கார் நிற்பதை இரண்டு விதமாகப் படம் எடுங்கள். ஒன்றில் நம்பர் பிளேட்டும் உங்கள் வீட்டு எண்ணும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். இன்னொன்று மாடியிலிருந்து, கேட்டின் அகலத்தில் எவ்வளவு மறைந்திருக்கிறது என்று காட்டும்படி. சில நாட்கள் தொடர்ந்து, இரவிலும் காலையிலும் எடுங்கள். எடுத்த போனை மாற்றவோ படங்களை அழிக்கவோ வேண்டாம். பின்னால் கோர்ட்டுக்குப் போனால் மூலப் பதிவு கேட்பார்கள். அன்றிரவு 108-ஐ அழைத்த நேரம் உங்கள் போனில் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டின் நகலும் வேண்டும். தூக்கிப் போன இரண்டு பையன்களிடமும் நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மனு. உங்கள் பகுதி போக்குவரத்து இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, சட்டம் ஒழுங்கு காவல் நிலையத்துக்கு ஒன்று. சென்னையில் இரண்டும் தனித்தனிப் பிரிவு. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டாமல் இருக்க, இரண்டிலும் மற்றவருக்கு நகல் அனுப்பியதைக் குறிப்பிடுங்கள். நான்கு பக்கம் வேண்டாம், இவ்வளவு போதும்:

"இன்ன எண்ணுள்ள எங்கள் வீட்டின் ஒரே வாசலை, இன்ன பதிவு எண் கொண்ட கார் இன்ன தேதிகளில் இன்ன நேரம் வரை மறித்து நின்றது. டயாலிசிஸ் சிகிச்சையில் உள்ள என் கணவரை இன்ன தேதி இரவு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோக முடியவில்லை. படங்களும் மருத்துவமனைச் சீட்டும் இணைத்துள்ளேன். இது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 122, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 285 ஆகியவற்றின் கீழ் வரும் இடையூறு. நடவடிக்கை எடுத்து, அதன் விவரத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

காவல் நிலையத்தில் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்காமல் திரும்ப வேண்டாம். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்றால், அதே மனுவை ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள். சென்னை போக்குவரத்துக் காவல்துறையின் செயலியிலும் அதே படங்களைப் பதிவு செய்யலாம். முதல்வர் உதவி மைய எண் 1100-இல் பதிந்தாலும் ஒரு மனு எண் கிடைக்கும்.

ஒரு மாதத்தில் அசைவு இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடுங்கள். என் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன, கடந்த ஓராண்டில் எங்கள் தெருவில் 122-வது பிரிவில் எத்தனை வழக்கு பதிந்தீர்கள் என்ற இரண்டே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். "வழக்கு ஏதும் இல்லை" என்று அவர்களே எழுத்தில் தந்தால், மேலே போகும்போது அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

உறை போட்ட காரும் டியூஷன் சென்டரும்

நகராத அந்தக் காரை அகற்றுவதுதான் இருப்பதில் சுலபமான வேலை. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விட்ட வண்டியை இழுத்துப் போகவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம் என்கிறது 127-வது பிரிவு. இழுத்துப் போகும் செலவும் உரிமையாளர் தலையில்தான். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் 'கேட்பாரற்ற வாகனம்' என்று புகார் பதியுங்கள். அந்த ஒரு கார் போனாலே ஆம்புலன்ஸ் உள்ளே திரும்ப இடம் கிடைக்கும் என்று நீங்கள் வரைந்து அனுப்பிய படத்திலிருந்து தெரிகிறது.

டியூஷன் சென்டர்தான் நோயின் வேர். கட்டட அனுமதி வாங்கும்போது பார்க்கிங் என்று காட்டிய இடத்தை வேறு வேலைக்கு விடுவது திட்ட அனுமதி மீறல். அனுமதி மாநகராட்சியில் வாங்கியதா, சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வாங்கியதா என்று பார்த்து அங்கே புகார் கொடுக்கலாம். நோட்டீஸ், பதில், மேல்முறையீடு என்று இழுக்கும். உடனே பலன் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கட்டடத்தின் தூண்தளப் பார்க்கிங், அதாவது தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம், எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானது, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் குடியிருப்பிலேயே தன் பார்க்கிங்கை இழந்து புழுங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

பேசிப் பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. மனு கொடுத்து ரசீது வாங்கிய பிறகு பேசுங்கள், தனியாக இல்லாமல் தெருவில் நாலு பேரோடு. கேட்க வேண்டியது பெரிய சலுகை ஒன்றுமில்லை: கேட்டின் அகலமும் இரண்டு பக்கமும் இரண்டடியும் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், கண்ணாடியில் போன் நம்பர் தெரிய வேண்டும். எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு, தெருவில் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங் என்று அறிவித்து அரசு போர்டு வைக்கும்படி போக்குவரத்துக் காவல்துறையிடம் கேட்கலாம். அந்த போர்டுக்கு மதிப்பு உண்டு.

அதற்கு மேல்

கோட்டாட்சியரிடம் போகலாம். வண்டி லைசென்ஸ் கொடுக்கும் ஆர்.டி.ஓ. இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர். பொது வழியில் உள்ள தடையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 152-வது பிரிவு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் ஊரில் சாக்கடை நாற்றம் தாங்காத ஒரு வார்டு மக்கள் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் நகராட்சியைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். பணம் இல்லை என்று நகராட்சி சொன்ன சாக்கை 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. பணமோ ஆளோ இல்லை என்று சட்டக் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்பதற்கு இன்றுவரை அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறோம்.

அதிகாரிகள் தங்கள் கடமையைச் செய்ய உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். மனு கொடுத்தீர்களா, எந்தத் தேதியில், ரசீது எங்கே என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். பெரும்பாலும் உங்கள் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு வரும். கேட்கச் சின்னதாக இருந்தாலும், அதற்குப் பிறகு அந்தக் கோப்பை மூடி வைக்க எந்த அதிகாரியும் தயங்குவார். கார் உரிமையாளர் மேல் சிவில் கோர்ட்டில் நிரந்தரத் தடை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வருடக்கணக்கில் நடக்கும், அதுவும் எதிர் வீட்டுக்காரரோடு. உங்கள் கணவரின் உடல்நிலையை நினைத்து, இதைக் கடைசியாகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து, மனுவை உங்கள் பெயரிலேயே போடுங்கள். இந்த வாரம் சறுக்கையும் படங்களையும் முடித்து, அடுத்த வாரம் மனுவைக் கொடுத்துவிடுங்கள். ரசீது கைக்கு வந்ததும் அதன் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். என்ன பதில் வந்தது என்று பார்த்து, கோட்டாட்சியருக்கான மனுவை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.